வந்தது ஒரே ஒரு வேற்றுக்கிரகவாசி: 1990களின் சிக்கனப் படையெடுப்புப் படங்களுக்குப் பின்னால் இருந்த கணக்கு

இணையத்தில் பழைய ஆங்கில ஆக்‌ஷன் படங்களைத் தேடிப் பார்ப்பவர்களுக்கு ஒரு குழப்பம் வருவதுண்டு. போஸ்டரில் நகரம் பற்றி எரியும், வானம் இரண்டாகப் பிளந்திருக்கும், பூமிக்கு இனி கதியில்லை என்று வாசகம் மிரட்டும். படத்தைப் போட்டால், நீளக் கோட்டு போட்டு, முடி வளர்த்த நெட்டையான ஆள் ஒருவன் இருட்டுச் சந்தில் நடந்து வருகிறான். வேற்றுக்கிரகவாசி அவன்தான். பின்னால் படை எதுவும் இல்லை. ஆனால் அதே படத்தில் கட்டடங்கள் வெடிக்கின்றன, கார்கள் பறக்கின்றன, தோட்டாச் சத்தம் காதைக் கிழிக்கிறது. விண்கலம் காட்டக் காசில்லாதவர்களுக்கு வெடி வைக்க மட்டும் எங்கிருந்து காசு வந்தது? படையெடுப்பு என்று சொல்லிவிட்டு ஏன் ஒரே ஆளை இறக்கினார்கள்?

இதற்கு விடை தேட இயக்குநரின் கற்பனையைவிடப் படத்தின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டுவது நல்லது. 1990களின் தொடக்கத்தில் இந்த வகைப் படங்கள் எடுக்கப்படுவதற்கு முன்பே விற்கப்பட்டுவிட்டன. யாரிடம் விற்றார்கள், எதைச் சொல்லி விற்றார்கள் என்பதிலிருந்தே திரையில் தெரியும் பெரும்பாலான விஷயங்கள் பிறந்தன. உதாரணத்துக்கு 1990ல் வந்த 'டார்க் ஏஞ்சல்' படத்தை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் இது 'ஐ கம் இன் பீஸ்' என்ற பெயரில் வெளியானது. ஒரே படத்துக்கு ஏன் இரண்டு பெயர் என்பதற்கான காரணமும் இந்த வியாபாரத்திலேயே இருக்கிறது.

படத்தின் கதை, சுருக்கமாக

டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரம். கிறிஸ்துமஸ் சமயம். போலீஸ் துப்பறிவாளர் ஜாக் கெய்னாக டால்ஃப் லண்ட்கிரென். கோட்டும் டையுமாகத் திரியும் ஒரு கடத்தல் கும்பல் அவருடைய கூட்டாளியைக் கொன்றுவிடுகிறது. அதே இரவில் அந்தக் கும்பலின் ஹெராயினைத் தூக்கிக்கொண்டு போகிறான் வெள்ளை முடியும் வெளுத்த கண்களும் கொண்ட ஒருவன். அவன் மனிதனில்லை. பிடிபடுகிறவர்களின் உடம்பில் ஹெராயினை அளவுக்கு மீறி ஏற்றுகிறான். அப்போது மூளையில் சுரக்கும் எண்டார்ஃபின் என்ற வேதிப்பொருளை நெற்றியில் ஊசி குத்தி உறிஞ்சிக்கொள்கிறான். அவனுடைய ஊரில் அதுதான் போதைப்பொருள். ஆக, வந்திருப்பவன் ஒரு சரக்கு வியாபாரி.

அவனைத் துரத்திக்கொண்டு அவனுடைய கிரகத்துப் போலீஸ்காரன் ஒருவனும் வருகிறான். கெய்னுக்குத் துணையாக, சட்டப் புத்தகத்தை மனப்பாடம் செய்த ஒரு எஃப்.பி.ஐ. அதிகாரி. அந்த வேற்றுக்கிரகச் சரக்கு வியாபாரி சரக்கோடு தப்பித்தால் அவனைப்போல் இன்னும் பலர் பூமிக்கு வந்து மனிதர்களை அறுவடை செய்வார்கள் என்ற எச்சரிக்கை படத்தில் ஓரிடத்தில் வருகிறது. படையெடுப்பு என்பது இந்தப் படத்தில் அந்த எச்சரிக்கைதான். நடக்கக்கூடும் என்று சொல்லப்படுகிறது, நடப்பதில்லை. அப்படிச் சொல்வதற்கு ஒரு நடிகரின் குரல் போதும், செலவில்லை. இந்த வகைப் படங்களின் அடிப்படைத் தந்திரம் இதுதான்.

'குறைந்த பட்ஜெட்' என்றால் எவ்வளவு?

இந்தச் சொல் தனியாக நின்றால் எதையும் விளக்காது, பக்கத்தில் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். அதே 1990ல் வந்த 'டோட்டல் ரீகால்' படத்துக்கு 5 கோடி டாலருக்கு மேல் செலவானது. அடுத்த ஆண்டின் 'டெர்மினேட்டர் 2' சுமார் 10 கோடி டாலரைத் தொட்டது. 1996ல் வந்த 'இண்டிபென்டன்ஸ் டே' படத்துக்குச் சுமார் 7.5 கோடி டாலர். 'டார்க் ஏஞ்சல்' ஒரு கோடி டாலருக்கும் குறைவாக முடிந்த படம். இதற்கும் கீழே, வீடியோ கேசட் வாடகைக் கடைக்காகவே எடுக்கப்பட்ட படங்களின் உலகம் ஒன்று தனியாக இருந்தது. அங்கே பத்து, இருபது லட்சம் டாலரில் முழுப் படத்தையும் முடித்தார்கள்.

அமெரிக்கத் தியேட்டர்களில் 'டார்க் ஏஞ்சல்' 50 லட்சம் டாலரைக்கூட வசூலிக்கவில்லை. வழக்கமான கணக்குப்படி இது தோல்விப் படம். ஆனால் இந்த மாதிரிப் படத்துக்குத் தியேட்டர் வசூல் முக்கியமான வரவே இல்லை. தியேட்டரில் ஓடிய படம் என்ற பெயர் கிடைத்தால் கேசட் அட்டையில் போட்டுக்கொள்ளலாம், தொலைக்காட்சிக்குக் கொஞ்சம் கூடுதல் விலை சொல்லலாம். அதற்கான விளம்பரச் செலவாகவே தியேட்டர் வெளியீட்டைப் பார்த்தார்கள்.

பணம் எங்கிருந்து வந்தது: முன்விற்பனை

தமிழ் சினிமா வியாபாரம் தெரிந்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது சுலபம். பூஜை போட்ட கையோடு செங்கல்பட்டு, கோவை, மதுரை என்று ஏரியா ஏரியாவாகப் பேசி, 'எம்.ஜி.' எனப்படும் மினிமம் கேரண்டி (குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை) வாங்கி, அதை நம்பி வட்டிக்குக் கடன் வாங்கிப் படத்தை முடிப்பது இங்கே பழகிய வழி. அதையே உலக அளவில், ஏரியா இருந்த இடத்தில் நாடுகளை வைத்து, ஃபைனான்சியர் இருந்த இடத்தில் ஐரோப்பிய வங்கியை வைத்துச் செய்தார்கள். படிப்படியாகப் பார்த்தால்:

1. முதலில் தயாராவது போஸ்டர். ஹீரோ யார், கையில் என்ன துப்பாக்கி, பின்னால் என்ன எரிகிறது என்பது கதை முழுதாக எழுதப்படுவதற்கு முன்பே முடிவாகிவிடும்.

2. அந்தப் போஸ்டரையும் இரண்டு பக்கக் கதைச் சுருக்கத்தையும் எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போவார்கள். பிரான்சின் கான் நகரில் திரைப்பட விழாவை ஒட்டி நடக்கும் சந்தை, இத்தாலியின் மிலான் நகரில் நடந்த மிஃபெட், 1981ல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய அமெரிக்கன் ஃபிலிம் மார்க்கெட் ஆகியவை அன்று முக்கியமானவை.

3. ஜெர்மனிக்கு ஒருவர், ஜப்பானுக்கு ஒருவர், தென்கொரியாவுக்கு ஒருவர் என்று விநியோகஸ்தர்கள் ஒப்பந்தம் போடுவார்கள். சிறு பகுதி முன்பணம். மீதி, முடித்த படத்தைக் கையில் கொடுக்கும்போது.

4. இந்த ஒப்பந்தங்களைக் கட்டாகக் கட்டி வங்கியில் வைத்தால் கடன் கிடைக்கும். இந்த முறையை வளர்த்ததில் நெதர்லாந்து வங்கியாளர் ஃப்ரான்ஸ் ஆஃப்மனுக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் இருந்த கிரெடி லியோனே பேங்க் நெதர்லாந்து வழியாக 1980களில் பல சுயாதீனத் தயாரிப்பு நிறுவனங்களுக்குப் பணம் போனது.

5. படம் பாதியில் நின்றுவிட்டால்? அதற்கு 'கம்ப்ளீஷன் பாண்ட்' என்ற உத்தரவாதம். பட்ஜெட்டில் சில சதவீதத்தைக் கட்டணமாக வாங்கிக்கொண்டு, செலவு எகிறினாலும் படத்தை முடித்துக்கொடுக்கும் பொறுப்பை ஒரு நிறுவனம் ஏற்கும். தேவைப்பட்டால் இயக்குநரை நகர்த்திவிட்டுத் தானே படத்தை எடுத்துக்கொள்ளும் உரிமையும் அதற்கு உண்டு.

இந்த ஐந்தாவது விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. உத்தரவாதம் கொடுக்கும் நிறுவனம் திரைக்கதையைப் பக்கம் பக்கமாகப் பார்க்கும். 'ஆயிரம் விண்கலங்கள் நகரத்தை மூடுகின்றன' என்று ஒரு வரி இருந்தால் அதற்கு எத்தனை நாள், எவ்வளவு பணம் என்று கேட்கும். பதில் சொல்ல முடியாத வரி படப்பிடிப்புக்கு முன்பே அடிபட்டுப் போகும். 'வெள்ளை முடிக்காரன் கதவை உடைத்துக்கொண்டு வருகிறான்' என்ற வரிக்கு யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

'டார்க் ஏஞ்சல்' படத்தின் நிர்வாகத் தயாரிப்பாளர்களில் ஒருவர் மார்க் டேமன். வெளிநாட்டு முன்விற்பனை முறையை ஒரு தொழிலாகவே நிறுவியவர்களில் முக்கியமானவர் இவர். 1960களில் நடிகராக இருந்தவர், இத்தாலிக்குப் போய் அங்கே கௌபாய் படங்களில் நடித்தார். பிறகு அமெரிக்கா திரும்பி, 1977ல் புரொடியூசர்ஸ் சேல்ஸ் ஆர்கனைசேஷன் என்ற விற்பனை நிறுவனத்தைத் தொடங்கினார். படத்தை நாடு நாடாகப் பிரித்து விற்றே முழு பட்ஜெட்டையும் திரட்டலாம் என்று செய்துகாட்டியவர்களில் அவரும் ஒருவர். அந்த நிறுவனம் 1980களின் நடுவில் நொடித்துப்போன பிறகு அவர் ஆரம்பித்த அடுத்த முயற்சி வழியாக வந்ததுதான் இந்தப் படம். அந்த முறையின் தலைமகனே மேற்பார்வை பார்த்த படம் என்பதால்தான் இதை உதாரணமாக எடுத்துக்கொண்டேன்.

இனி இரண்டு பெயர்களின் காரணம் சுலபமாகப் புரியும். ஒவ்வொரு நாட்டு விநியோகஸ்தரும் தன் சந்தைக்கு எது எடுபடும் என்று பார்த்துத் தலைப்பை மாற்றிக்கொள்வது இந்த வியாபாரத்தில் சகஜம். அமெரிக்காவில், வேற்றுக்கிரகவாசி கொல்வதற்கு முன் ஒவ்வொரு முறையும் சொல்லும் வசனத்தையே தலைப்பாக்கிவிட்டார்கள். 'சமாதானமாக வந்திருக்கிறேன்' என்று சொல்லிவிட்டுக் கழுத்தை அறுப்பவன். அந்த வகையில் பார்த்தால் அமெரிக்கத் தலைப்பே மேல்.

ஏன் லண்ட்கிரென்?

வங்கிக்கு அடமானமாகத் தெரிவது ஒப்பந்தம். ஒப்பந்தம் போடும் விநியோகஸ்தருக்கு அடமானமாகத் தெரிவது நடிகரின் முகம். 1985ல் 'ராக்கி 4' படத்தில் சோவியத் குத்துச்சண்டைக்காரனாக வந்தபோதே லண்ட்கிரெனை உலகம் முழுக்கத் தெரிந்துவிட்டது. அமெரிக்கத் தியேட்டர்களில் அவர் தனி நாயகனாகப் பெரிதாக ஜெயிக்கவில்லை. ஆனால் ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் கேசட் அட்டையில் அவர் முகம் விற்றது. வசனம் குறைவு, சண்டை அதிகம் என்றால் டப்பிங் சுலபம், தணிக்கை தவிர வேறு தொல்லை இல்லை. சிட்னி பல்கலைக்கழகத்தில் வேதிப்பொறியியல் முதுகலை படித்த மனிதர், எண்டார்ஃபின் திருடனைத் துரத்தும் போலீஸ்காரனாக நடித்தார் என்பது எனக்குப் பிடித்த துணுக்கு. படத்தில் அந்தப் படிப்புக்கு வேலை எதுவும் இல்லை.

கேசட் கடையின் பொருளாதாரம்

விநியோகஸ்தர்கள் இவ்வளவு தைரியமாக முன்பணம் கொடுத்ததற்குக் காரணம் வீடியோ. 1980களின் பின்பாதியில் அமெரிக்க வீடுகளில் பாதிக்கு மேல் வி.சி.ஆர். வந்துவிட்டது. வீட்டு வீடியோவில் கிடைத்த வருமானம் தியேட்டர் வசூலையே முந்திவிட்டது. அதே காலத்தில் நம்மூரில் டெக்கும் கேசட்டும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்த்தவர்களுக்கு இந்தக் கடைகளின் சூழலை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அமெரிக்கக் கடையின் கணக்கு வேறு மாதிரி.

ஒரு கேசட்டை விலை கொடுத்து வாங்கிய கடைக்காரர், அதை எத்தனை முறை வேண்டுமானாலும் வாடகைக்கு விடலாம் என்பது அமெரிக்கக் காப்புரிமைச் சட்டம் கொடுத்த உரிமை. வாடகையில் தயாரிப்பாளருக்குப் பங்கு கிடையாது. அதனால் தயாரிப்பு நிறுவனங்கள் கடைக்கு விற்கும் விலையைத் தூக்கி வைத்தன. வாடகைக்காக விற்கப்பட்ட கேசட் ஒன்றின் விலை 80 முதல் 100 டாலர் வரை இருந்தது. ஓர் இரவு வாடகை 2, 3 டாலர் என்று வைத்தால், முப்பது நாற்பது முறை வெளியே போய் வந்தால்தான் கடைக்காரருக்கு முதல் திரும்பும்.

சரி, பெரிய படத்தின் கேசட் எப்போதுமே வெளியே போயிருக்கும். வெள்ளிக்கிழமை இரவு கடைக்கு வருகிறவர் அது கிடைக்காமல் அலமாரியில் வேறு எதையாவது எடுப்பார். அந்த 'வேறு எதையாவது' என்ற இடத்தைப் பிடிப்பதற்காகவே நூற்றுக்கணக்கான படங்கள் எடுக்கப்பட்டன. அட்டையைப் பார்த்துச் சில நொடிகளில் முடிவெடுக்கும் வாடிக்கையாளருக்கு மூன்று விஷயம் தெரிந்தால் போதும்: தெரிந்த முகம், துப்பாக்கி, வேற்றுக்கிரகவாசி. நகரம் எரியும் போஸ்டர் இந்த அலமாரிக்காக வரையப்பட்டது. படத்துக்குள் அந்தக் காட்சி இருக்கிறதா என்பது வீட்டுக்குப் போனபின் எழும் கேள்வி. அதற்குள் வாடகை கட்டியாயிற்று.

காசில்லாமை கதையை எழுதிய விதம்

இனி திரைக்குள் வருவோம். மேலே சொன்ன அழுத்தங்கள் எல்லாம் சேர்ந்து இந்த வகைப் படங்களுக்குச் சில நிரந்தர வடிவங்களைக் கொடுத்தன. 'டார்க் ஏஞ்சல்' மட்டும் இல்லை, இதன் முன்னும் பின்னும் வந்த பல படங்களில் இவற்றைப் பார்க்கலாம்.

1. வேற்றுக்கிரகவாசி மனித உருவில் இருப்பான். 'டார்க் ஏஞ்சல்' வில்லனாக நடித்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த மத்தியாஸ் ஹ்யூஸ். ஆறரை அடியை எட்டும் உயரம், தற்காப்புக் கலைப் பயிற்சி. வெள்ளை விக்கும் வெளுத்த காண்டாக்ட் லென்ஸும் போட்டால் வேலை முடிந்தது. நல்ல வேற்றுக்கிரகவாசியாக வந்த ஜே பிலாஸ் டியூக் பல்கலைக்கழகக் கூடைப்பந்து வீரர், ஹ்யூஸைவிட உயரம். பின்னாளில் இ.எஸ்.பி.என். தொலைக்காட்சியின் கூடைப்பந்து விமர்சகராகப் பிரபலமானார். மாதக்கணக்கில் பொம்மை செய்யும் பட்டறைக்குப் பதில் உயரமான இரண்டு ஆட்களைத் தேடியிருக்கிறார்கள்.

2. அதைவிடச் சிக்கனமான வழி, வேற்றுக்கிரகவாசியை மனித உடம்புக்குள்ளேயே புகுத்திவிடுவது. 1987ல் வந்த 'தி ஹிடன்' படத்தில் ஒரு புழு மாதிரி ஜந்து ஆள் மாற்றி ஆள் புகுந்து லாஸ் ஏஞ்சலஸைக் கலக்கும். ஜந்துவைச் சில விநாடிகள் காட்டினால் போதும், மீதி நேரம் சாதாரண நடிகர்கள் கோணலாகச் சிரித்துக்கொண்டு கார் ஓட்டுவார்கள். அங்கேயும் துரத்தி வருபவன் வேறு உலகத்துப் போலீஸ்காரன். 'டார்க் ஏஞ்சல்' இந்தப் படத்துக்கு நிறையவே கடன்பட்டிருக்கிறது.

3. விண்கலம் காட்டப்படாது. ஆகாயத்திலிருந்து ஒரு பிழம்பு விழும், வெளிச்சம் பரவும், ஆள் இறங்கியிருப்பான்.

4. ஒரே ஒரு புதுமையான ஆயுதம் இருக்கும், அதைப் படம் முழுக்கப் பயன்படுத்துவார்கள். 'டார்க் ஏஞ்சல்' படத்தில் அது பறக்கும் வட்டத் தகடு. பார்ப்பதற்கு இசைத் தகடு போலவே இருக்கும். 1990ல் சி.டி. என்பது புதுப் பணக்காரர்களின் அடையாளம், எனவே எதிர்காலத்தின் வாடையும் அதற்கு இருந்தது. மனித உடம்பின் மின்காந்தப் புலத்தை மோப்பம் பிடித்துக் கழுத்தைத் தேடி வரும் என்று ஒரு விஞ்ஞானி பாத்திரம் விளக்கம் சொல்லும். நிஜத்தில் உடம்பின் மின்காந்தப் புலம் மிக மிகப் பலவீனமானது. ஆனால் வேற்றுக்கிரகத் தொழில்நுட்பம் என்று சொன்னபின் எவரும் வாதாடப் போவதில்லை.

5. கதையின் உடல் போலீஸ் படமாக இருக்கும், வேற்றுக்கிரகம் மேல்சட்டை மட்டும். முரட்டுப் போலீஸ், ஒழுங்குப் போலீஸ், முறைக்கும் மேலதிகாரி, பிரிந்த காதலி. 1987ல் வந்த 'லீத்தல் வெப்பன்' வெற்றிக்குப் பிறகு இந்த அச்சில் எதை வார்த்தாலும் சந்தையில் புரிந்துகொண்டார்கள். விநியோகஸ்தருக்கும் இது பாதுகாப்பு. அறிவியல் புனைவு எடுபடாத நாட்டில் போலீஸ் படமாகவே விற்றுவிடலாம்.

'டார்க் ஏஞ்சல்' திரைக்கதையில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. ஜோனதன் டைடர் ஒருவர், லெனர்ட் மாஸ் ஜூனியர் இன்னொருவர். இரண்டாவது ஒரு புனைபெயர். உண்மையில் எழுதியவர் டேவிட் கெப். மூன்றே ஆண்டுகளில் 'ஜுராசிக் பார்க்' திரைக்கதையில் அவர் பெயர் வந்தது. 2005ல் ஸ்பீல்பெர்க் இயக்கிய 'வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' படத்தையும் எழுதினார். அதில் படையெடுப்பு நிஜமாகவே நடக்கிறது, ஊர் ஊராக அழிகிறது. 10 கோடி டாலரைத் தாண்டிய பட்ஜெட் கையில் இருந்தால் எதிரியை எண்ணிக்கையில் இறக்க முடியும். அது இல்லாத காலத்தில் அதே எழுத்தாளர் எதிரியை ஒரே ஆளாகச் சுருக்கி, அவனுக்கு வருவதற்கான காரணமாக ஒரு சில்லறை வியாபாரத்தைக் கொடுத்தார். திறமை என்று பார்த்தால் இரண்டாவதுதான் கடினமான வேலை என்பேன்.

அப்படியானால் வெடிகள்?

முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். விண்கலத்துக்குக் காசில்லை, வெடிக்கு எப்படி?

1990ல் கணினி வரைகலை என்பது சில நிறுவனங்களிடம் மட்டும் இருந்த, மிக விலை உயர்ந்த கருவி. 'டெர்மினேட்டர் 2' போன்ற பெரும் செலவுப் படத்திலேயே கணினியில் உருவான காட்சிகள் மொத்தம் சில நிமிடங்கள்தான். சிறிய மாதிரிகளைச் செய்து படம்பிடிப்பது இன்னொரு வழி. அதற்குத் தனிக் கூடம், நிபுணர்கள், பல மாத நேரம் வேண்டும். பெட்ரோல் தீப்பிழம்பும், பழைய காரும், உயரத்திலிருந்து குதிக்கத் தெரிந்த ஆட்களும் இவற்றோடு ஒப்பிட்டால் மலிவு. காலையில் வெடி வைத்தால் மாலைக்குள் காட்சி முடிந்துவிடும். நான்கைந்து கேமராக்களை வெவ்வேறு கோணத்தில் நிறுத்தினால் ஒரே வெடியை நான்கைந்து துண்டாகக் காட்டலாம், கொஞ்சம் மெதுவாக ஓட்டினால் இன்னும் நீளும்.

இதற்குப் பணத்தைவிட அனுபவம் முக்கியம். இயக்குநர் கிரெய்க் ஆர். பாக்ஸ்லி அடிப்படையில் ஸ்டன்ட் மாஸ்டர். 'தி ஏ டீம்' தொலைக்காட்சித் தொடரின் சண்டைக்காட்சிகளை அமைத்தவர். வாரம் ஒரு எபிசோட், ஒவ்வொன்றிலும் காரைக் கவிழ்க்க வேண்டும், வெடி வைக்க வேண்டும், யாருக்கும் அடிபடக் கூடாது. அந்தப் பள்ளியில் படித்தவருக்கு ஒரு டாலருக்கு எவ்வளவு நெருப்பு வாங்கலாம் என்று தெரியும். 1988ல் 'ஆக்‌ஷன் ஜாக்சன்' மூலம் இயக்குநரானவர், 'டார்க் ஏஞ்சல்' முடித்ததும் 'ஸ்டோன் கோல்ட்' எடுத்தார். மூன்றையும் அடுத்தடுத்துப் பார்த்தால் கதை மறந்துபோகும், வெடிகள் மறக்காது.

இடமும் உதவியிருக்க வேண்டும். 1986ல் கச்சா எண்ணெய் விலை பீப்பாய்க்கு 30 டாலர் அளவிலிருந்து 10 டாலர் அளவுக்கு விழுந்தது. எண்ணெயை நம்பியிருந்த ஹூஸ்டன் அந்தப் பத்தாண்டில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வேலைகளை இழந்தது. புதிதாகக் கட்டிய கண்ணாடிக் கோபுரங்கள் ஆளில்லாமல் கிடந்தன. தொழிற்சங்க விதிகளும் கலிபோர்னியா அளவுக்குக் கெடுபிடி இல்லாத மாநிலம். எதிர்கால நகரம் போலத் தோன்றும் கட்டடங்கள், அவற்றின் அடியில் வெறிச்சோடிய தெருக்கள் என்று ஒரு அறிவியல் புனைவுப் படத்துக்கு வேண்டியது காசு கொடுத்து அமைக்காமலே அங்கே இருந்தது. 'ரோபோகாப் 2' படக்குழுவும் அதே காலத்தில் ஹூஸ்டனுக்குப் போனது தற்செயல் என்று தோன்றவில்லை.

எதிரி வேஷம் மாறிய கதை

இவ்வளவு நேரம் காசைப் பற்றியே பேசிவிட்டோம். ஆனால் காசு தீர்மானித்தது எதிரியின் எண்ணிக்கையை மட்டும்தான். அவன் யார் என்பதை அந்தந்த ஆண்டின் செய்திகள் தீர்மானித்தன.

1989 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் எச்.டபிள்யூ. புஷ் தொலைக்காட்சியில் தோன்றி, கையில் கொக்கைன் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டி, போதைப்பொருளுக்கு எதிரான போரைப் பற்றி நாட்டுக்கு உரையாற்றினார். அதே ஆண்டு நவம்பரில் பெர்லின் சுவர் விழுந்தது. பத்தாண்டுகளாக ஆக்‌ஷன் படங்களுக்குச் சோறுபோட்ட சோவியத் வில்லன் காலாவதியாகிக்கொண்டிருந்தான். 'ராக்கி 4' ரஷ்யனாக வந்தவரே அடுத்து ஹூஸ்டன் போலீசாகி, வேற்றுக்கிரகச் சரக்கு வியாபாரியைத் துரத்தியதைவிடச் சரியான அடையாளம் வேண்டியதில்லை.

ஆறு ஆண்டு தள்ளி 1996க்கு வாருங்கள். ஜோசப் மெர்ஹியும் ரிச்சர்ட் பெப்பினும் சேர்ந்து நடத்திய பி.எம். என்டர்டெயின்மென்ட், கேசட்டுக்காகவே படம் எடுத்துத் தள்ளிய லாஸ் ஏஞ்சலஸ் நிறுவனம். நெடுஞ்சாலையில் காரும் லாரியும் மோதிப் பறப்பதில் அவர்களை அடிக்க ஆளில்லை. அந்த ஆண்டு பெப்பின் இயக்கிய 'தி சைலன்ஸர்ஸ்' படத்தில் வேற்றுக்கிரகவாசிகள் கறுப்புக் கோட்டு போட்ட அரசாங்க ஆட்கள் போல உலாவுகிறார்கள். நாட்டின் உள்ளேயே இருந்து படையெடுப்புக்கு அடிபோடுகிறார்கள். பாதுகாப்பு அதிகாரி ஒருவர், நல்ல வேற்றுக்கிரகவாசி ஒருவனோடு சேர்ந்து அவர்களைத் தடுக்க வேண்டும். ஜோடி அதே ஜோடி, துரத்தல் அதே துரத்தல். ஆனால் பயம் இடம் மாறிவிட்டது. 1990ல் தெருமுனையில் நின்றவன், 1996ல் அரசாங்கத்துக்குள் உட்கார்ந்திருக்கிறான்.

இடையில் நடந்தவை: 1993ல் டெக்சாஸின் வேக்கோ நகரருகே ஒரு மதக்குழுவின் வளாகத்தை எஃப்.பி.ஐ. முற்றுகையிட்டது தீயில் முடிந்து பலர் இறந்தார்கள், அரசின் மேலான அவநம்பிக்கை ஒரு பகுதி மக்களிடம் வெளிப்படையாகவே வளர்ந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் 'தி எக்ஸ் ஃபைல்ஸ்' தொடர் ஆரம்பமாகி, அரசு எதையோ மறைக்கிறது என்ற சந்தேகத்தை வாராந்திரப் பொழுதுபோக்காக்கியது. கறுப்புக் கோட்டு ஆட்களைப் பற்றிய கதைகள் 1950களிலிருந்தே பறக்கும் தட்டு நம்பிக்கையாளர்களிடையே உலவியவைதான். தயாரிப்பாளருக்கு அவற்றில் கூடுதல் வசதி ஒன்றும் இருந்தது: கறுப்புக் கோட்டு எந்தத் துணிக்கடையிலும் கிடைக்கும். இந்த முறை எதிரியைப் பன்மையில் இறக்கக்கூட முடிந்தது.

அலமாரி காலியான விதம்

1996 ஜூலையில் 'இண்டிபென்டன்ஸ் டே' வந்து உலகமெங்கும் 80 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. நகரங்களை மூடும் விண்கலங்களை மக்கள் நேரில் பார்த்துவிட்டார்கள். இத்தனைக்கும் அந்தப் படத்தின் புகழ்பெற்ற அழிவுக் காட்சிகளில் பல, சிறு மாதிரிகளைச் செய்து நிஜமாகவே வெடிவைத்து எடுத்தவை. இதற்குப் பிறகு வெள்ளை லென்ஸ் போட்ட ஒரு ஆளைக் காட்டி உலகம் அழியப் போகிறது என்று சொல்வது சிரமமாகிவிட்டது.

ஆனால் சந்தையை முடித்தது ரசனை மாற்றம் இல்லை என்றே நினைக்கிறேன். அலமாரிதான் மாறியது. 1990களின் கடைசியில் பிளாக்பஸ்டர் போன்ற பெரிய வாடகைக் கடைத் தொடர்கள் ஸ்டுடியோக்களோடு வருமானப் பங்கீட்டு ஒப்பந்தம் போட்டன. கேசட்டுக்கு 80 டாலர் கொடுப்பதற்குப் பதில் சில டாலர்கள் மட்டும் கொடுத்து, வாடகையில் பங்கு தருவது என்று ஏற்பாடு. விளைவு, ஒரு பெரிய படத்துக்குப் பத்துப் பிரதி இருந்த கடையில் நூறு பிரதி வந்தது. வெள்ளிக்கிழமை இரவு யாரும் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை. 'வேறு எதையாவது' எடுக்க வேண்டிய தேவையே போய்விட்டது. 1997ல் அமெரிக்காவில் அறிமுகமான டி.வி.டி., வாடகைக்கு எடுப்பதைவிட விலைக்கு வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கத்தைக் கொண்டுவந்தது. சொந்தமாக வாங்கி வைக்க யாரும் தெரியாத பெயர்களைத் தேர்ந்தெடுப்பதில்லை.

அதே நேரத்தில் கணினி வரைகலை மலிவாகிக்கொண்டே வந்தது. 1993ல் 'பேபிலான் 5' தொலைக்காட்சித் தொடர், அமிகா என்ற வீட்டுக் கணினியை அடிப்படையாகக் கொண்ட கருவிகளில் விண்வெளிப் போர்களை உருவாக்கிக் காட்டியது. அடுத்த சில ஆண்டுகளில் சின்னத் தயாரிப்பாளர்களின் கைக்கும் விண்கலம் எட்டியது. சிக்கனப் படையெடுப்புப் படங்கள் கேபிள் தொலைக்காட்சிக்கு, முக்கியமாக 1992ல் தொடங்கிய சை-ஃபை சேனலுக்கு நகர்ந்தன. விலை புரண்டுவிட்டது. திரையில் விண்கலங்கள் கூட்டம் கூட்டமாக வந்தன, நிஜக் காரை நிஜமாகக் கவிழ்ப்பதற்கான காசு மட்டும் பட்ஜெட்டில் இல்லை.